ஆரஞ்சுத் தொப்பி

இமானி பாதி ஏணியில் நிற்கும்போதுதான் ரஷான் ஏணியை உதைத்தான்.

கை தவறவில்லை. கால் வழுக்கவும் இல்லை. கீழே நின்று ஏணியைப் பிடிக்க வேண்டியவன், தெருமுனைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிடியை விட்டான். ஒரு எட்டு பின்னால் வந்து, பூட்ஸ் காலால் ஓங்கி விட்டான் ஒரு உதை.

இமானி நடைபாதைச் சிமெண்டில் வந்து விழுந்தாள். மணிக்கட்டு ஒடிந்தது எல்லோருக்கும் கேட்டது. அவள் கத்துவதற்கு முன்னாலேயே கேட்டது.

அவள் தலையிலிருந்து கழன்ற ஆரஞ்சுத் தொப்பி தெருவோரம் உருண்டது. ரஷான் அவளைத் தூக்கப் போகவில்லை. தொப்பியைத் துரத்திப் போய் அதன்மேல் குப்புற விழுந்தான்.

கோரி ஓடிவந்து முதல் மிதி மிதித்தான்.

அந்த வேலையிடத்தில் ஆரஞ்சுத் தொப்பி ஒன்றே ஒன்றுதான். ஏணி ஏறுகிற ஆளுக்கு. மற்ற எல்லோருக்கும் வெள்ளை. மேலே ஆள் இருப்பது தெருமுனைவரைக்கும் தெரியணும் என்று மேஸ்திரி ஓடெல் வைத்த சட்டம் அது.

கோடை முழுக்க அது கோரியின் தலையில்தான் இருந்தது. மற்றவர்கள் ஏணி என்றாலே ஒதுங்கிக்கொள்வார்கள். இன்றைக்குக் காலையில்தான் இமானி, பரீட்சைக்கு ஏணி வேலையும் பழகணும் என்று கேட்டு வாங்கினாள்.

"பின்னலையெல்லாம் உள்ள சுருட்டிக்க. பேன் கீன் விட்டே, தொப்பி எனக்குத் திரும்ப வேணாம்" என்றான் கோரி.

"உன் தலையில இருந்த தொப்பியை நான் போடறேன் பாரு, அதுக்கே எனக்கு ஒரு சான்றிதழ் தரணும்" என்றாள் அவள்.

ரஷான் அப்போது உள்ளே மரம் அறுத்துக்கொண்டிருந்தான். ஏணி பிடிக்கக் கூப்பிட்டபோதுதான் வெளியே வந்து, மேலே நிற்பது யாரென்று பார்த்தான்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும் ஜெயிலை எட்டிப்பார்த்தவர்களும்தான் அந்தப் பயிற்சியில். பால்டிமோரில் பலகை அடித்து மூடிக் கிடக்கும் வீடுகளைத் திருத்திக் கட்டுவார்கள். காலையில் சுத்தியல், மத்தியானம் விட்ட படிப்பு. அடுத்த மாதம் சான்றிதழ். அது கையில் இருந்தால் தச்சர் சங்கத்தில் ஒரு இடம்.

மன்னிப்பே இல்லாத சட்டம் ஒன்றுதான். கூட இருக்கிறவர்மேல் கை வைத்தால் அன்றைக்கே வெளியே.

ரஷானின் அம்மா சான்றிதழ் மாட்ட இப்போதே சுவரில் ஆணி அடிக்கச் சொல்லியிருந்தாள். செத்துப்போன அண்ணன் படத்துக்குப் பக்கத்தில். ரஷான்தான் அடித்தான். வாழ்க்கையில் அவன் நேராக அடித்த முதல் ஆணி.

அண்ணனை ஏப்ரல் மாதம் சுட்டது கோரியின் தெருக்காரர்கள். கோரியும் கூட நின்றான் என்று சிலர் சொன்னார்கள். இல்லவே இல்லை என்று சிலர்.

"நான்னு நெனச்சுத்தானடா உதைச்ச" என்றான் கோரி. விலாவில் மிதித்தான். "ஆரஞ்சைக் கண்டதும் கண்ணு அவிஞ்சுபோச்சா? என்மேல கோவம்னா என்கிட்ட வாடா. அந்தப் புள்ள உன்னை என்னடா பண்ணுச்சு?"

இன்னொருவன் மண்வெட்டிக் காம்பால் முதுகில் போட்டான். முகம் தரையில் மோதி மூக்கு உடைந்தது. முன்பல் ஒன்று சிமெண்டில் கிடந்தது.

ரஷான் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கையும் வயிற்றுக்கு அடியில் இருந்தன.

அப்போது ஒரு கறுப்பு வண்டி தெருவுக்குள் வந்தது. ஊர்ந்து வந்தது. கண்ணாடி இறங்கியிருந்தது, பாட்டுச் சத்தம் இல்லை. அடிக்கிற மும்முரத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரே மாதிரி ஜாக்கெட், ஒரே மாதிரி தூசி முகமூடி, எல்லாத் தலையிலும் வெள்ளை. வண்டி வீட்டு வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு முனை திரும்பியது.

வீங்காமல் இருந்த ஒற்றைக் கண்ணால் ரஷான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது மறைந்த பிறகுதான் கையைத் தளர்த்தினான்.

ஓடெல் வந்து எல்லோரையும் விலக்கினார். அடித்தவர்கள் கணக்கைச் சாயங்காலம் பார்க்கிறேன் என்றார். இமானியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரஷானிடம் ஏன் என்று ஒருமுறை கேட்டார். அவன் மூக்கு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"வெள்ளைத் தொப்பி, ஜாக்கெட், சுத்தியல். வெச்சுட்டுப் போ. இனி இந்தப் பக்கம் வராதே."

மூன்றையும் வைத்தான். நசுங்கிய ஆரஞ்சுத் தொப்பியை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

"பாருங்க, போறப்பத் திருட்டு வேற" என்று கோரி காறித் துப்பினான்.

சந்தில் இடிபாடு கொட்டுகிற பெரிய இரும்புத் தொட்டி இருந்தது. தொப்பியை அதில் போட்டு, மேலே நாலு செங்கல்லைத் தள்ளினான். அப்புறம் முனை திரும்பினான்.

கறுப்பு வண்டி அங்கே நின்றிருந்தது. உள்ளே அவன் மாமன் மகன் லெராய். மடியில் பொரித்த கோழி வாங்குகிற அட்டைப்பெட்டி. உள்ளே இருந்தது கோழி இல்லை, துப்பாக்கி.

"நீ நேத்துச் சொன்ன மாதிரி ஆரஞ்சுத் தொப்பியத்தான் தேடுனேன். ஒருத்தன் தலையிலயும் இல்லையேடா. எங்க அவன்?"

"இன்னைக்கு வரல."

பல் போன வாயில் காற்றுதான் வந்தது. திரும்பச் சொன்னான்.

லெராய் அவன் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான்.

"யாருடா உன்னை இப்படிப் பண்ணது? பேரை மட்டும் சொல்லு."

ரஷான் கதவைப் பிடித்து மெதுவாக மூடினான்.

"ஏணியில இருந்து விழுந்துட்டேன்" என்றான்.