நோட்டீசின் பின்பக்கம்

"அப்ப எந்த மலையக் குடையப் போறீக?"

முத்துப்பேச்சி எழுந்து நின்று கேட்டதும் பள்ளிக்கூட அரங்கமே சிரித்தது.

மேடையில் விழாக் கமிட்டித் தலைவர் சுந்தரலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் நாற்பது நிமிட வரவேற்புரையை முடித்திருந்தார். 'அண்டத்தின் ஆதிநாதத்தைச் செவிமடுக்கப் போகும் அறிவுச்சுடரே' என்று விளித்து, விஞ்ஞானியின் கழுத்தில் கம்பம் திராட்சையில் கட்டிய மாலையையும் போட்டிருந்தார். சுடரின் வெள்ளைச் சட்டையில் சாறு இறங்கிக்கொண்டிருந்தது.

"மலையே இல்லம்மா! எல்லாம் வானத்துல. உக்காருங்க" என்றார் தலைவர்.

அவள் உட்காரவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆய்வுக்கூடம் கட்ட ஊர் மலையைக் குடைய வந்தார்களே, அவர்களின் ஜீப்புக்கு முன்னால் முதல் ஆளாகப் படுத்தவள் அவள். அந்த மலையின் ஊற்றுத்தான் ஊருக்குத் தண்ணீர். அன்றிலிருந்து, ஆராய்ச்சி என்று எவர் வாயைத் திறந்தாலும் எழுத்தில் வாங்காமல் அவள் விடுவதில்லை.

விஞ்ஞானி பொறுமையாக விளக்கினார். மூன்று விண்கலங்கள் சூரியனைச் சுற்றும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இருபத்தைந்து லட்சம் கிலோமீட்டர். எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் அந்த அதிர்வு ஈர்ப்பு அலையாக வரும்; இடைவெளி அணுவைவிடச் சின்ன அளவில் கூடிக் குறையும். அதை லேசரால் அளப்பார்கள். விண்ணில் ஏவவே இன்னும் பத்து வருடம் ஆகும்.

முத்துப்பேச்சிக்கு எல்லாம் புரிந்தது. நம்பிக்கைதான் வரவில்லை.

"சரி. மலையத் தொடமாட்டோம்னு எழுதிக் குடுங்க."

"இது அறிவியலுக்கே அவமானம்!" என்று தலைவர் மைக்கில் கத்தினார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

அவள் மேடையேறினாள். மடித்து மடித்துக் கிழியும் நிலையிலிருந்த பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்து, அதன் வெற்றுப் பின்பக்கத்தை விஞ்ஞானிக்கு முன்னால் வைத்தாள்.

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"தேதி" என்றாள்.

போட்டார்.

பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். 'மலைக்கு ஒரு கெடுதலும் வராது.' அன்றைக்குக் குடைய வந்தவர்கள் வீடுவீடாகக் கொடுத்த நோட்டீஸ். அடியில் அச்சாகியிருந்த பெயர் அவருடையது.

"இப்பவாவது வீட்டுக்கு வரலாமா, ஆத்தா?" என்று மைக்கில் விழாத குரலில் கேட்டார், பன்னிரண்டு வருடமாக அவள் வாசலை மிதிக்காத மகன்.

முத்துப்பேச்சி தாளை வாங்கி மடித்தாள்.

"மொதல்ல அந்த மூணும் மேல போய்ச் சேரட்டும்லே. பெறகு பாப்போம்."