குறுகலான பாலம்

சாப்பாட்டு மேசையில் ஓரகத்திகள் இருவருக்கும் நடுவே சாலை விதிப் புத்தகம் ஒன்றே ஒன்று கிடக்கிறது. நாளைக்கு இருவருக்கும் லைசென்ஸ் பரீட்சை. வீட்டில் இருப்பதோ ஒரே கார். டியூப்லைட்டின் வெளுத்த வெளிச்சத்தில் மூத்தவள், இளையவளின் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தே கேட்கிறாள். “பின்னால ஆம்புலன்ஸ் வருது.” “ஒதுங்கி வழி விடணும்க்கா.” அந்த ‘அக்கா’ பல்லுக்கு நடுவில் அரைபட்டு வெளியே வருகிறது. “குறுகலான பாலம். எதிர்ல ஒரு வண்டி ஏறிடுச்சு.” “நாம நிக்கணும். அவங்க கடந்ததும்தான் போகணும்.” “பரீட்சைன்னா மட்டும் நல்லா விட்டுக்குடுக்கிறே.” “எல்லாம் உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்.” மூத்தவள் அறைகிற மாதிரி பக்கத்தைத் திருப்புகிறாள். உள்ளே அடுப்பில் பால் சீறுகிறது. இருவரும் ஒன்றாக எழுந்து ஓடுகிறார்கள். சமையலறை வாசல் ஒரு ஆள் நுழைகிற அகலம்தான்; தோளோடு தோள் முட்டி அதில் சிக்கி நிற்கிறார்கள். மூத்தவளின் வளையல் இளையவளின் கையில் அழுந்துகிறது, கை பின்வாங்கவில்லை. புத்தகத்தை மேசையில் விட்டுவர மனமில்லாமல் மூத்தவள் அதை அக்குளில் இடுக்கியிருக்கிறாள். “நகருடி.” “நீங்க நகருங்க.” பால் பொங்கி அடுப்பை அணைக்கிறது. மேடையில் பரவி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, பிறகு நிதானமாகத் தரைக்கு இறங்கி, நகராத நான்கு கால்களை நோக்கி வருகிறது.