டாக்டரம்மா தேடிய வண்டு

காலையிலிருந்து ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்ததில் படகோட்டிக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இப்படியொரு சவாரி! பூச்சி ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவோ, அல்லி இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"வண்டு. என் வீட்டுக் குளியல் தொட்டியில வளர்த்து, நானே இங்க கொண்டுவந்து விட்டேன்."

கடைசி இலையையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது டாக்டரம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. "ஒண்ணுகூட இல்லண்ணே."

படகோட்டிக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்கம்மா. எங்க வீட்டுக் கொல்லையில வண்டுக்கா பஞ்சம்? ஒரு டப்பா பிடிச்சுத் தரேன். யாருக்குத் தெரியப்போகுது?"

டாக்டரம்மா கண்ணீரோடு சிரித்துவிட்டார். "ஐயோ அண்ணே, ஒண்ணு கிடைச்சிருந்தாத்தான் நான் அழணும்! இங்க மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையைத் தின்னத்தான் அதுங்களை விட்டேன். அது தீர்ந்ததும் அல்லியில வாய் வெச்சிருமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. பட்டினி கிடந்து செத்துச்சுங்களே தவிர, வேற ஒரு இலையைக் கடிக்கல."

"புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதும்பாங்க. இதுங்க அதுக்கும் மேல!" என்று வியந்த படகோட்டி, "ஆகாயத்தாமரை அவ்வளவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கரைக்குக் கரை பாய் விரிச்ச மாதிரி. துடுப்பு போட இடமில்லாம படகுத்துறையையே இழுத்து மூடிட்டாங்க. போன வாரம்தானே திறந்தாங்க!"

படகோட்டி கையிலிருந்த துடுப்பைப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துவிட்டு, தனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்கள் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியாததால், ஏரி மொத்தத்துக்கும் ஒரு கும்பிடு போட்டார்.