பெயர் எழுதாத அஞ்சலி

சுருட்டி வைத்திருந்த பிளக்ஸை வடிவம்மாள் மேசைமேல் விரித்தாள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதன் கீழே ரோஜா மாலைக்கு நடுவில் அவளுடைய முகமே இருந்தது.

தேன்மொழி பிளக்ஸையும் எதிரில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன தாயி, அப்படிப் பாக்க? நான்தான். உசிரோடதான் இருக்கேன்."

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறையிலிருந்துதான் அருணாசலம் இலவசப் படங்களுக்கான இணையதளம் நடத்திவந்தார். வயல், கோயில், மனித முகம் என்று யாரும் எதையும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் படத்தை வைக்கலாம், எதை நீக்கலாம் என்று பார்த்துத் தளத்தைச் சீர்செய்யும் வேலை தேன்மொழியுடையது. ஆட்கள் அதிகமாக எடுத்துக்கொண்ட படம் எது என்று அவள் பார்த்தபோது முதலில் வந்ததும் இந்த முகம்தான்.

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் மலையிறங்கிய நாளில் அருணாசலமே எடுத்த படம் அது. பேருந்து ஜன்னல் கம்பியில் கன்னத்தைச் சாய்த்து, மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் வடிவம்மாள். தேடுகிறவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கட்டும் என்று படத்தோடு 'தாய்', 'முதுமை', 'துக்கம்' என்ற சொற்களைச் சேர்த்திருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது எங்கன இருந்துச்சு பெரியம்மா?" என்று கேட்டாள் தேன்மொழி.

"அம்பாசமுத்திரத்துல ஒரு பிளக்ஸ் கடை வாசல்ல. செத்தவங்களுக்கு அடிக்கிற போர்டு இப்படித்தான் இருக்கும்னு மாதிரிக்கு மாட்டியிருக்கான். பாரேன், பேரு எழுதுத இடம் சும்மாத்தான் கெடக்கு. எங்க எஸ்டேட்காரி ஒருத்தி அதைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்புல போட்டுட்டா. பேரை எவன் பாக்கான்? மூஞ்சியைப் பாத்தாங்க, என்னை முடிச்சுட்டாங்க."

"கடைக்காரன்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். என்னை நேர்ல பாத்ததும் அவன் பயந்துட்டான். கழட்டிக் கையில குடுத்து, படம் உங்க கம்ப்யூட்டர்லேர்ந்துதான் எடுத்தேன்னு சொல்லி அனுப்பிட்டான்."

அருணாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார். "தப்பு என் மேலதாம்மா. உங்களைக் கேட்டிருக்கணும். போலீசுக்கு மட்டும் போயிராதீங்க."

"செத்தவ எங்கன போயி கேசு குடுக்க, தம்பி?"

தேன்மொழி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவம்மாள் சிரிக்கவில்லை. உடுத்தியிருந்த சேலையின் முந்தானையை இழுத்துக் காட்டினாள். மடிப்புக்கூடக் கலையாத புதுச்சேலை.

"எங்க அண்ணன் மவன், பொறந்த வீட்டுக் கோடின்னு இதைத் தூக்கிட்டு வந்துட்டான். எனக்குப் போத்தத்தான். திருப்பிக் கொண்டு போனா அவன் வீட்டுக்கு ஆகாதாம். என்ன செய்ய? நானே உடுத்திக்கிட்டேன்."

தேன்மொழி அந்த முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிள்ளைங்க பதறியிருப்பாங்களே பெரியம்மா?"

"பெரியவன் திருப்பூர்லேர்ந்து காரு பிடிச்சு வந்தான். மலையை விட்டு இறங்குன பொறவு இப்பத்தான் இங்கன வாரான். வாசல்ல விழுந்து 'எம்மா எம்மா'ன்னு ஒரே அழுகை. நான் அடுப்படியிலேர்ந்து, 'யாருலே அது?'ன்னு கேட்டுக்கிட்டே கரண்டியோட வந்தேன்."

"ஐயோ!"

"என்னைப் பாத்துட்டு, கட்டிப்பிடிச்சு அதுக்கும் அழுதான். சின்னப்பிள்ளையில அழுத மாதிரி. மீன்கொழம்பு வச்சேன், ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். விடிஞ்சதும், காருக்காரன் காத்துக் கெடக்கான்னு கிளம்பிட்டான். 'அதான் உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா'ன்னான்."

வாசல்வரை போய் வழியனுப்பியதையும் சொன்னாள். மலையிறங்கியவர்களுக்கு அரசு கொடுத்த குடியிருப்பில் அதற்குப் பிறகு யாரும் அவள் கதவைத் தட்டவில்லையாம். செத்தவள் செத்த மாதிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ என்றாள்.

அருணாசலத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தேன்மொழி, அந்தப் படத்தை இப்பவே நீக்கிரு" என்றார்.

"நீக்கிருதேன் அண்ணாச்சி. ஆனா ஏற்கெனவே எடுத்தவங்ககிட்ட இருக்கத்தான் செய்யும். அதை நம்மளால ஒண்ணும் செய்ய முடியாது."

வடிவம்மாள் மேசையை நெருங்கி வந்தாள். "அப்போ, வெளியூர்க் கடைக்காரங்களும் எடுத்திருப்பாங்களா?"

"எடுத்திருக்கலாம் பெரியம்மா. எந்தெந்த ஊருன்னு எங்களுக்கே தெரியாது."

"இதுவரைக்கும் எடுக்காதவன் இனிமே எடுக்க முடியுமா?"

"முடியாது. இங்கன அழிச்சிட்டா இனிமே யாருக்கும் கிடைக்காது. பயப்படாதீங்க."

தேன்மொழி படத்தைத் திறந்தாள். திரை முழுக்க ஜன்னல் கம்பியும் அந்த முகமும். நீக்கலாமா என்று கணினி ஒருமுறை கேட்டது. ஆம் என்பதை அழுத்தப்போனவளின் கையை வடிவம்மாள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கோயம்புத்தூர்ல ஒரு கடைக்கு இதைக் குடுத்துட்டு அழி தாயி. சின்னவன் அங்கனதான் இருக்கான்."