மாமாவிடம் மாட்டிய திருடன்

அக்காவின் ஃபோன் அடித்தபோது நான் வாஷிங் மெஷினுக்கு அடியில் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர்ப்பட்ட மெஷின்களைப் பழுது பார்க்கிறவன் நான். சொந்த அக்கா வீட்டு மெஷின் பத்து நாளாகப் படுத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கை வரை நுரையோடு வாளியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் விளிம்பில் ஃபோன் அதிர்ந்தது. திரையில் நம்பர் இல்லை. பிரைவேட் நம்பர் என்று மட்டும் இருந்தது.

கையை உதறிவிட்டு அவள் எழுவதற்குள் மாமா வந்து எடுத்துவிட்டார்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். பக்கத்து சீட்டில் தனக்கென்று தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங் பிடித்திருக்கும் அப்பாவிகளைப் பகல் முழுக்கத் திட்டுவதுதான் தொழில். ஆறு மணிக்கு அவர்கள் தப்பித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு மாமாவுக்குத் திட்ட ஆள் வேண்டாமா? கடவுளாகப் பார்த்து, நம்பரை மறைத்துக் கூப்பிடும் மோசடிக்காரர்களை அனுப்பிவைத்தார்.

லோன் தருகிறேன் என்பவன், உங்கள் பார்சல் மாட்டிக்கொண்டது என்பவன், கார்டைப் பூட்டிவிடுவோம் என்று மிரட்டுகிறவன், யாராக இருந்தாலும் சரி. ஸ்பீக்கரில் போட்டு, வீட்டில் இருப்பவர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்து, வகுப்பு எடுப்பார். ஒருத்தனும் இரண்டு நிமிடம் தாண்டியதில்லை, வைத்துவிட்டு ஓடிவிடுவான். மாமா ஜெயித்த முகத்தோடு எங்களைப் பார்ப்பார். நாங்கள் சிரிக்க வேண்டும். சிரிப்போம், வேறென்ன செய்வது.

அக்கா மட்டும் இந்தக் கலையில் தேறவே இல்லை. நம்பர் இல்லாத அழைப்பு வந்தால் ஃபோனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வர அரை மணி நேரம் ஆகும். வெகுளி, எவன் பேசினாலும் வைக்கத் தெரியாது, ஒருநாள் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடப் போகிறாள் என்று மாமா என்னிடம் புலம்புவார்.

மாமாவுக்கு பிளாக் செய்வது கைவந்த கலை. பெற்ற மகளையே செய்தவர் ஆயிற்றே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனதும், தலைமுழுகியாச்சு என்றார். தன் ஃபோனிலும் அக்கா ஃபோனிலும் அவள் நம்பரை அவரே பிளாக் செய்தார். என் ஃபோனையும் கேட்டார். கொடுத்தேன். அக்கா வீட்டு வாசல் எனக்கும் மூடிவிடக் கூடாதே என்ற பயம்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மாமா ஸ்பீக்கரை அழுத்தி, இன்றைக்கு எனக்கு என்ன பரிசு விழுந்திருக்கிறது ஐயா என்று குழைந்தார்.

அந்தப் பக்கம் பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

தொழிலுக்குப் புதுசு, பயந்துவிட்டான் என்று மாமா எனக்குக் கண்ணடித்தார். அக்கா ஃபோனைக் கேட்டுக் கையை நீட்டினாள். சோப்புக் கையோடு தொடாதே என்று அவளை அடக்கிவிட்டு வகுப்பைத் தொடங்கினார்.

முதலில் உழைத்துச் சாப்பிடுவதன் பெருமை. அப்புறம் பதினெட்டு வயதில் அவர் லாரி கழுவிய கதை. அடுத்தது பெற்றவர்கள். உன்னைப் பெற்றவன் வெளியே தலைகாட்ட முடியுமா, அந்த மனுஷன் உன்னைத் தோளில் சுமந்ததெல்லாம் இதற்குத்தானா என்று ஏற்ற இறக்கத்தோடு கேட்டார். வழக்கமாக எல்லாரும் இந்த இடத்தில் வைத்துவிடுவார்கள்.

இந்தத் திருடன் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அழ வைத்துவிட்டேன் பார்த்தாயா என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். நானும் என் பங்குக்குப் பல்லைக் காட்டினேன்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குழந்தை மழலையில் ஏதோ கத்தியது. யாரோ அவசரமாக அதன் வாயைப் பொத்தியதுபோல் சத்தம் நின்றது.

"பச்சைக் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டா இந்த வேலை பண்ற? நாளைக்கு அது உன்னை மதிக்குமா?" என்றார் மாமா.

அக்கா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. காட்டிய பல்லை மூடிக்கொண்டேன்.

மாமா திரையைப் பார்த்தார். ஆறு நிமிடம் தாண்டியிருந்தது. அவர் சரித்திரத்திலேயே இப்படி நடந்ததில்லை. முதல் தடவையாக அக்காவிடம் சந்தேகம் கேட்டார்.

"இவ்வளவு திட்டறேன், ஏன் ஃபோனை வைக்க மாட்டேங்கறான்?"

அக்கா துண்டை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தாள். ஃபோனுக்காகக் கையை நீட்டவில்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் அப்பா குரலைக் கேக்கறா. எப்படிங்க வைப்பா?"

மாமா மறுபடியும் திரையைப் பார்த்தார்.

ஸ்பீக்கரில் குழந்தை மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை யாரும் அதன் வாயைப் பொத்தவில்லை.