ஒரே அப்பாவுக்கு ரெண்டு திதி

"ஒரு அப்பனுக்கு ரெண்டு திதியா? ஊரு சிரிக்குலே!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், ஆனி மாதச் சாரல். குற்றாலத்து ஆற்றங்கரையில் வில்வண்டி நின்றதுதான் தாமதம், வல்லிநாயகம் பிள்ளை கத்திக்கொண்டே இறங்கினார். கீழே படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்த ஈர வேட்டியோடு அவர் தம்பி சிவசைலம் நின்றுகொண்டிருந்தான்.

"வாங்கண்ணே."

"வாங்கண்ணேவா? இன்னைக்கு என்ன திதி?"

"பஞ்சமி."

"அப்பா செத்தது?"

தம்பி குனிந்து வேட்டி முனையைப் பிழிந்தான்.

"சஷ்டிலே, சஷ்டி! நாளைக்கு! தென்காசியில சொந்தபந்தம் எல்லாரையும் அழைச்சு நான் முறையாப் பண்ணுதேன். நீ என்னடான்னா ஒம்பது வருஷமா முந்தின நாளே களவாணி மாதிரி இங்க வந்து முடிச்சுட்டுப் போயிருதே. எதையும் முறைப்படி செய்யணும்னு சொல்லித்தானலே அப்பா நம்மள வளத்தாங்க?"

"ஆமாண்ணே."

வல்லிநாயகம் பிள்ளைக்கு அந்த ஒரு பாடம்தான் வேதம். நல்ல நேரம் பார்க்காமல் மனுஷன் நகம்கூட வெட்ட மாட்டார். 'அப்பன் தாணுமாலயம் பிள்ளை அப்படியே இவன்தான்' என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும்.

தம்பி மேல் அவருக்குக் கோபம் திதியில் தொடங்கியது இல்லை. அது அவர் கல்யாணத்தன்றே தொடங்கியது.

அப்பா அப்போது படுத்த படுக்கை. அதனால் கல்யாணமே மாப்பிள்ளை வீட்டில்தான். பின்கட்டு அறையில் அப்பாவுக்குக் காவல் சிவசைலம். அண்ணன் தாலி கட்டும்போது கூடப்பிறந்தவன் மணவறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சரி, போகட்டும். தாலி கட்டின கையோடு முத்துவடிவைக் கூட்டிக்கொண்டு அப்பா காலில் விழப் போனால், பாவிப் பயல், கதவை மறித்துக்கொண்டு நின்றான்!

"அப்பா இப்பத்தான் கண்ணசந்தாங்க. இங்கனயே விழுந்து கும்பிட்டுக்கோங்க" என்றான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசற்படியில் விழுந்து எழுந்தார்கள். அன்று சாயந்தரமே அப்பா போய்விட்டார். அந்த ஆத்திரம் வல்லிநாயகம் பிள்ளைக்கு இன்றுவரை ஆறவில்லை.

"அப்பா கையால நெத்தியில துன்னூறு பூசிக்க விடாமப் பண்ணினே. பொறுத்தேன். இதைப் பொறுக்க மாட்டேன். நாளைக்கு வீட்டுக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து திதி குடு. இல்லைன்னா இன்னையோட நீ எனக்குத் தம்பி இல்ல. உன் வீட்டு நல்லதுக்கும் வரமாட்டேன், கெட்டதுக்கும் வரமாட்டேன்."

சிவசைலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாரேண்ணே. பந்தி பரிமாறுதேன், எச்சில் இலை எடுக்கேன். திதி மட்டும் சஷ்டியில குடுக்க முடியாது."

"ஏன்?"

"சொல்லக்கூடாதுண்ணே."

மேல்படியில், சிவசைலத்துக்குத் துணையாக வந்த நல்லதம்பி வைத்தியர் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை அப்பாவுக்கு நாடி பார்த்தவர். அவர் பக்கம் திரும்பினார் வல்லிநாயகம் பிள்ளை.

"பாத்தீங்களா வைத்தியரய்யா, இவன் திமிரை? நீங்களும் இவனுக்குக் கூட்டா?"

வைத்தியர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வண்டிக்காரன் தூரத்தில்தான் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டார்.

"ஏ சிவசைலம், நான் ஒண்ணும் சத்தியம் பண்ணிக் குடுக்கலடே."

"வேண்டாம் வைத்தியரய்யா!"

"நீ சும்மா இரு. வல்லிநாயகம், உன் முத்துவடிவுக்கு முதல்ல பாத்த கல்யாணம் ஏன் நின்னுது?"

"மாப்பிள்ளை வீட்டுல சாவு விழுந்துட்டு. அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டாவது தடவையும் அப்படியே நின்னா, அந்தப் பொண்ணை அப்புறம் எவன் கட்டுவான்? உங்க அப்பா கல்யாணத்துக்கு முந்தின நாளே இவன் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. 'எனக்கு ஏதாச்சும் ஆனா, தாலி ஏறுத வரைக்கும் மூச்சு விடாதே. பெரியவன்கிட்ட சொல்லிராதே. முறை தப்பக் கூடாதுன்னு மணவறையை விட்டு எந்திரிச்சுருவான். அந்தப் பொண்ணு காதுக்கு என்னைக்கும் எட்டக் கூடாது'ன்னு."

வல்லிநாயகம் பிள்ளை தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"கோழி கூப்பிடுத நேரத்துக்கே போயிட்டாருய்யா. நாடி பிடிச்சவன் நான். அப்போ பஞ்சமி. நீ கால்ல விழ வந்தப்போ உள்ள கிடந்தது வெறும் உடம்பு. இந்தப் பய விடிஞ்சதுலேர்ந்து அதுக்கு விசிறி வீசிக்கிட்டு, எட்டிப் பாத்தவங்ககிட்டயெல்லாம் 'தூங்குதாங்க, தூங்குதாங்க'ன்னு சொல்லிக்கிட்டு, அழக்கூட முடியாம உக்காந்திருந்தான். கூட்டம் சாப்பிட்டுக் கலைஞ்ச பிறகுதான் வாய்விட்டு அழுதான். அதுக்குள்ள சஷ்டி பிறந்துட்டு."

ஒன்பது வருஷம்! முறை, முறை என்று ஊரைக் கூட்டி அவர் கொடுத்த திதி அத்தனையும் தப்பான நாளில். அதுகூடப் பெரிதில்லை. பெற்ற அப்பா தன்னை நம்பவில்லையே! நம்பாததும் சரிதானே? தெரிந்திருந்தால் எழுந்துதான் போயிருப்பார். முத்துவடிவு இன்று எந்த மூலையில் கிடந்து அழுதுகொண்டிருப்பாளோ?

ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கிட்டு ஏம்லே சும்மா இருந்தே?" என்று தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "வாலே வீட்டுக்கு. முத்துவடிவுகிட்ட சொல்லணும். எல்லாருக்கும் முன்னால நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

சிவசைலம் பதறிப்போனான்.

"ஐயோ, மதினிக்குத் தெரியவே கூடாதுண்ணே. நாளைக்கும் வழக்கம்போல நாலு பேருக்கு முன்னால என்னை ஏசிட்டு, சஷ்டியிலயே திதி குடுங்க."