இடது காது

“அழுகை வராதவங்க சாவு வீட்ல என்ன பண்ணணும்மா?”

சின்ன வயதில், ஒரு துக்க வீட்டில் வைத்துக் கேட்டாள். அம்மா தொடையில் கிள்ளினாள்.

இன்று பெரம்பூரில், தாவீதின் வீட்டு வாசலில் அவள் நின்றாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவன். நேற்றுவரை பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன். நெஞ்சுவலி என்றார்கள்.

உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் மனைவி செலின் இவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

இவள் பின்வாங்கினாள்.

வேண்டுமென்று அல்ல. யார் தொட்டாலும் உடம்பில் நெருப்புப் பட்டதுபோல் இருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படி.

செலினின் கைகள் நீட்டியபடியே நின்றன.

“கூட வேலை பாத்த பொண்ணாம். கல்லு மாதிரி நிக்குது பாரு. ஒரு சொட்டுத் தண்ணி வருதா கண்ணுல?” என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

மாலையை அவன் காலருகே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

*

வடபழனி அனிமேஷன் ஸ்டூடியோவில் அவள் சேர்ந்த புதிது. படம் நன்றாக வந்ததென்று எல்லோரும் கைதட்டினார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ சிரித்தார்கள்.

“டேய், இனிமே தட்டாதீங்க. கைய ஆட்டுங்க, போதும்,” என்றான் தாவீது. “நாம பண்ற படத்துக்கு அதுவே ஜாஸ்தி.”

அன்றுமுதல் அங்கே கைகள் ஆடின.

கூட்டத்தில் ஏதாவது கேட்டால் அவளுக்கு நா எழாது. “சாயங்காலம் எழுதி அனுப்புவாங்க சார்,” என்பான். அவளும் அனுப்புவாள்.

அதையெல்லாம் உதவி என்று அவன் நினைத்ததே இல்லை. தண்ணீர்ப் பானைமேல் டம்ளர் வைக்கிறவன், யார் குடித்தார்கள் என்று பார்த்துக்கொண்டா இருக்கிறான்?

*

அடக்கம் முடிந்து முதல் கூட்டம்.

“தாவீதோட ஷாட் பாதியில நிக்குது. நீங்க முடிச்சிடுங்கம்மா,” என்றார் மேனேஜர். “முடிக்கிறவங்க பேர்தான் படத்துல போகும். நம்ம வழக்கம் தெரியும்ல? உங்க பேர் போட்டுக்கங்க.”

அவர் பேர் வரணும் சார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

*

அந்த வாரம் முழுக்க, மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு அவன் ஷாட்டைத் திறந்தாள்.

ரயில்வே கேட். ஓர் அப்பா குனிந்திருக்கிறார். சின்ன மகள் கைகளைத் தூக்கியபடி நிற்கிறாள். தோளில் ஏற்றி ரயிலைக் காட்ட வேண்டும்.

அதற்குள் அவனுக்கு அழைப்பு வந்துவிட்டது.

தாவீது வரைகிற ஆட்களுக்கு இடது காது எப்போதும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கோணல் எதையும் அவளால் தாங்க முடியாது. சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டரைக்கூட நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவாள். அவன் படங்கள் அவள் மேசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காதுகள் நேராகிவிடும்.

இப்போதும் கை அந்தக் காதை நிமிர்த்தப் போனது.

திருத்தவில்லை.

மீதிப் படங்களை வரைந்தாள். ஒவ்வொன்றிலும் இடது காதைக் கொஞ்சம் இறக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க, அவன் எப்படித் தப்பாக வரைவானோ அப்படியே.

அப்பா நிமிர்ந்தார். மகள் தோளில் ஏறிக்கொண்டாள். ரயில் வந்தது.

முடித்தவர் பெயர் என்று திரை கேட்டது.

தாவீது என்று அடித்து அனுப்பினாள்.

படியில் பேச்சுக்குரல்கள் ஏறி வந்தன. அவள் வேறொரு ஃபைலைத் திறந்துகொண்டாள்.